அணில் டீச்சர் ஒழுங்குபடுத்திய வகுப்பறை

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் நிழலில் காட்டுக் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. ஆசிரியை ஓர் அணில்.

படிப்பில் குறையில்லை. வகுப்பறையைத்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. கணக்குப் போடும் புளியங்கொட்டைகள் கால் வைத்த இடமெல்லாம் உருண்டன. எழுதும் பூவரச இலைகளை முள்ளம்பன்றிக் குட்டி திரும்பும்போதெல்லாம் குத்திக் கிழித்தது. அது உதிர்த்த முட்களே எழுதுகோல்கள் என்பதால் அதை யாரும் கோபிக்கவும் முடியவில்லை. நாவல்பழ மை இருந்த சிரட்டையில் தவளை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். குளிர்ச்சியாக இருக்கிறதாம். ஆமைக்குட்டி ஓர் எழுதுகோலைத் தேடிப் புறப்பட்டால், அது திரும்புவதற்குள் பாடம் முடிந்துவிடும்.

இந்த நிலையில்தான் காட்டுப்பன்றிகள் காட்டின் சபையில் ஒரு விண்ணப்பம் வைத்தன. பள்ளிக்கூடம் என்ற பெயரில் அங்கே குப்பைதான் கிடக்கிறது, அந்த இடத்தைத் தங்களுக்குப் புரண்டு குளிக்கக் கொடுத்தால் காட்டுக்கு நல்லது என்றன. பன்றிகள் சுத்தத்தைப் பற்றிப் பேசும்போது சபைகள் எப்போதுமே கவனமாகக் கேட்கின்றன. சபையின் அதிகாரி நாரை ஐயா நேரில் போய்ப் பார்த்துச் சொல்லட்டும், வகுப்பு சீராக இல்லையென்றால் இடம் பன்றிகளுக்கு என்று தீர்ப்பானது.

அணில் குட்டிகளை நினைத்துப் பார்த்தது. அடுத்த பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். காக்கைக் குஞ்சு பறந்து போய்விடும். ஆமைக்குட்டி?

சாமான் வைக்க ஏதாவது கொடுங்கள் என்று அணில் சபையைக் கேட்டது. கல்வி கண் போன்றது என்று நெடுநேரம் பேசிவிட்டு, சபை ஒரே ஒரு பனையோலைக் கூடையைக் கொடுத்தது. கூடையில் அடியில்லை.

தூக்கணாங்குருவியிடம் போய், தொங்கும் பைகள் பின்னித் தர முடியுமா என்று கேட்டது. அது கேட்ட கூலிக்கு ஒரு தினைக்காடே வேண்டும். அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

கையில் ஒன்றுமில்லாதவர்கள் பழக்கத்தின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அணிலின் பழக்கம் ஒளித்துவைப்பது. அன்று மாலை குட்டிகள் வீட்டுக்குப் போனதும் அது வேலையில் இறங்கியது. கொட்டைகளை மண்ணில் புதைத்தது. இலைகளை உச்சிப் பொந்தில் திணித்தது. எழுதுகோல்களைப் பட்டை இடுக்குகளில் செருகியது. மைச் சிரட்டையை எங்கோ ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்தது. பிறகு வாலாலேயே தரையைக் கூட்டியது.

மறுநாள் காலை வகுப்பறை கண்ணாடி மாதிரி இருந்தது. குட்டிகளை விட வந்த தாய்மார்கள் வாயைப் பிளந்தார்கள்.

“டீச்சர், புளியங்கொட்டை?” என்று கேட்டது ஆமைக்குட்டி.

“பத்திரமா இருக்கு. தோண்டினா தரை கெட்டுடும். மனசுக்குள்ளயே எண்ணு” என்றது அணில்.

ஆமைக்குட்டி மனசுக்குள் எண்ணிப் பார்த்தது. அங்கே கொட்டை எதுவும் இல்லை.

இப்படியே நாட்கள் போயின. நடுவில் நல்ல மழையும் பெய்தது. ஒரு காலையில் நாரை ஐயா வந்து சேர்ந்தார். தவளை அவரைப் பார்த்ததும் ஆமை ஓட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அதிகாரிகளிடம் எச்சரிக்கையாக இருப்பதற்குத் தவளைக்குக் குடும்பக் காரணங்கள் உண்டு.

நாரை ஒற்றைக் காலில் நின்று சுற்றிலும் பார்த்தார். இவ்வளவு சுத்தமான வகுப்பை நான் பார்த்ததே இல்லை என்றார். அணிலின் வால் பூரித்தது.

“சரி, டீச்சரம்மா. ஏழும் ஐந்தும் எவ்வளவு? பிள்ளைகள் கொட்டை வைத்துக் காட்டட்டும்.”

அணில் வேரடியில் தோண்டியது. இல்லை. கல்லோரம் தோண்டியது. அங்கும் இல்லை. அணில் புதைப்பதற்கு மண் சாட்சி, மறதி காவல். தரையெல்லாம் குழியானதுதான் மிச்சம். அதற்குள் நாரையின் காலடியில் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தார். மண்ணைப் பிளந்துகொண்டு வரிசையாகப் புளியங்கன்றுகள் எட்டிப் பார்த்தன.

“இது என்ன தோட்டம்?”

“அதுதாங்க எங்க கணக்கு. முளைச்சிடுச்சு” என்றது காக்கைக் குஞ்சு.

நாரை சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், வந்ததும் முடிவு சொல்கிறேன் என்று குளத்துக்குள் இறங்கினார்.

அணில் குழிகளின் நடுவே உட்கார்ந்துவிட்டது. உருப்படியாக ஒரு யோசனையும் வரவில்லை. கண்ணில் பட்டது ஆமைக்குட்டி. இத்தனை நாளும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், கேட்பதையே விட்டுவிட்ட முகம். அணிலுக்குச் சுருக்கென்றது. பொருளை எங்கே வைத்தால் தன் மனசு நிறையும் என்றுதான் இதுவரை பார்த்ததே தவிர, எடுக்கப்போவது யார் என்று பார்க்கவில்லை.

“எழுதுகோல் வேணும்னா நீ முதல்ல எங்கே பார்ப்பே?” என்று கேட்டது.

“என் மூக்குக்கு நேரா, டீச்சர். அதுக்கு மேலே எனக்குத் தெரியாது.”

அணில் எழுந்தது. எல்லாரையும் அதே கேள்வி கேட்டது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தூக்கணாங்குருவியின் ஈச்சமரத்துக்கு ஓடியது. ஆண் தூக்கணாங்குருவி பாதி கட்டிய கூட்டைப் பெண் குருவி வந்து பார்க்கும், பிடிக்கவில்லையென்றால் போய்விடும், அவனும் அதைக் கைவிட்டு வேறு கட்டுவான். அப்படிக் கைவிட்ட கூடுகள் ஈச்சமரத்தடியில் உதிர்ந்து கிடந்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று அணில் கேட்டது. குருவி கூச்சத்தோடு, “எடுத்துக்குங்க, டீச்சர். யார் கட்டினதுன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றது.

காக்கைக்கு எட்டும் கிளையில் ஒரு கூட்டைக் கட்டி அதில் இலைகளை வைத்தார்கள். ஆமையின் மூக்குக்கு நேராக இன்னொரு கூட்டைச் சாய்த்து, பட்டை இடுக்கிலிருந்து உருவிய எழுதுகோல்களைப் போட்டார்கள். முள்ளம்பன்றி தானாகவே கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மைச் சிரட்டையைத் தவளைதான் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தது. அதன் மேல் அடியில்லாத கூடையைக் கவிழ்த்து, மேலே இருந்த ஓட்டையை ஓலையை மடித்துக் குறுக்கினார்கள். முள் நுழையும், தவளை நுழையாது.

நாரை திரும்பி வந்தார். ஏழும் ஐந்தும் என்றார். ஆமைக்குட்டி யாரையும் கேட்காமல் எழுதுகோலை எடுத்தது. ஒரு வரிசையில் ஏழு கன்று, அடுத்ததில் ஐந்து. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, காக்கைக் குஞ்சு எடுத்துப் போட்ட இலையில் பன்னிரண்டு என்று எழுதியது. வெகுநேரம் ஆயிற்று. ஆனால் பாடம் முடிவதற்குள் முடித்துவிட்டது.

“காலையில் இருந்த அழகு இப்போது இல்லையே, டீச்சரம்மா” என்றார் நாரை.

“இல்லைங்க ஐயா.”

“காலையில் பள்ளிக்கூடமும் இல்லை. இப்போது இருக்கிறது.”

பன்றிகள் வேறு சேறு பார்த்துக்கொண்டன. அணில் மட்டும் அவ்வப்போது ஒரு கொட்டையைப் புதைத்துவிட்டு, குட்டிகளின் பார்வை பட்டதும் தோண்டி எடுத்து வைக்கும்.

நீதி: பார்க்க வருகிறவன் கண்ணுக்கு அழகாக வைப்பது ஒழுங்கல்ல, எடுக்க வருகிறவன் கைக்கு எட்டும்படி வைப்பதே ஒழுங்கு.