உபதேசியார் வெட்டின குழி

ஒரு ஊர்ல, சுத்திலும் பனையும் செம்மணலுமா இருக்கிற ஊர்ல, ஒரு உபதேசியாரு இருந்தாரு. ஞானாபரணம்னு பேரு. வேதக்கோயில்ல ஜெபம் நடத்துவாரு, சாவு வீட்டுக்குப் போயி ஆறுதல் சொல்லுவாரு. தாயில்லாப் பிள்ளை ஒண்ணு அவருக்கு, சலோமி. உன் வயசுதான் இருக்கும். ம் சொல்லு.

அப்போ ஒரு கோடையில ஊருக்குள்ள காலரா வந்துச்சு. முதல்ல ஒரு பெரியவரு போனாரு. உபதேசியாரு போயி, "எல்லாம் கர்த்தர் சித்தம்"னாரு. வீட்டுக்காரங்க தலையாட்டுனாங்க. அப்புறம் பனையேறி வீட்டுல, அன்னப்பழம்னு ஒருத்தி, அவ கைப்பிள்ளை போச்சு. அங்கயும் அதையே சொன்னாரு. அவ பிள்ளைய மடியிலருந்து இறக்கவேயில்ல. "பால்குடி மறக்காத பிள்ளைய எடுக்கிறதா ஐயா அவரு சித்தம்? எந்திரிச்சுப் போயிரும்"னா. வந்துட்டாரு. 'இவளுக்கு விசுவாசம் பத்தாது'ன்னு நினைச்சுக்கிட்டாரு.

மூணாவது சலோமி. காலையில வாந்தி எடுத்தா. மத்தியானம் கண்ணு குழிஞ்சுபோச்சு. "அப்பா, தண்ணி"ன்னா. குடுத்தாரு, வயித்துல நிக்கல. முழங்கால் போட்டுக் கெஞ்சுனாரு. பொழுது சாயுறதுக்குள்ள போயிட்டா.

ம்... அவள அடக்கம் பண்ணிட்டு, உபதேசியாரு கோயிலுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டாரு. "ஏன் ஆண்டவரே?"ன்னு மூணு நாளு கேட்டாரு. வெளிய பனையோலைதான் சலசலன்னு அடிச்சுது. அப்போதான் அவருக்குத் தோணுச்சு, சிலுவையில தொங்கும்போது இயேசுசாமியும் இதத்தானே கேட்டாரு, ஏன் என்னைய விட்டுட்டீருன்னு. அவருக்கும் அன்னைக்கு மேலேருந்து ஒரு சத்தமும் வரலியே. அதுல துக்கம் ஒரு பொட்டும் குறையல. தனியா கெடந்து கேக்கிறோம்ங்கிற எண்ணம் மட்டும் போச்சு.

நாலாம் நாள் அன்னப்பழம் புருசனும் செத்துட்டான். பயத்துல ஒரு ஆளும் எட்டிப்பாக்கல. உபதேசியாரு மம்பட்டிய எடுத்துட்டுப் போயி, சதக் சதக்குன்னு அவரே குழி வெட்டுனாரு. உள்ளங்கை கொப்புளிச்சு உடைஞ்சுது. அன்னப்பழம் கேட்டா, "ஐயா, எங்களுக்கு எதுக்கு இப்பிடி?"

"தெரியலம்மா. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

ரெண்டு பேருமா பாயோட தூக்கி இறக்குனாங்க. மண்ணு தள்ளி முடிச்சதும், அவரு ஜெபம் சொல்ல வாயத் திறந்தாரு, வரல. அன்னப்பழம்தான் ஆரம்பிச்சா. பாதியில அவ அந்த மண்ணு மேலயே உக்காந்துட்டா. மிச்சத்த அவரு சொன்னாரு.

கதை அங்கேயே படுத்துக்கிச்சு. நீயும் கண்ணை மூடிக்கோ, நான் பக்கத்துலதான் இருக்கேன்.