தேசிகருக்கு மிச்சமிருந்த ஒரு படி

கொன்றையூரை ஆண்ட செம்பியராயனுக்கு யானை இருந்தது, சேனை இருந்தது, மூன்று வேளையும் நெய்ச்சோறு இருந்தது. மோட்சம் ஒன்றுதான் இல்லை. அதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கிவிட வேண்டும் என்று ஐம்பது வயதில் அவனுக்கு ஆசை வந்தது. அரசனுக்கு ஆசை வந்தால் அதை நிறைவேற்ற ஆள் வராமலா போகும்? ஐப்பசி மழையோடு மழையாக அகண்டஞான தேசிகர் வந்து சேர்ந்தார்.

சைவத்தில் முத்திக்கு நான்கு வழி. கோயிலைக் கூட்டி, மெழுகி, பூத்தொடுத்துத் தொண்டு செய்வது சரியை. முறைப்படி பூசை செய்வது கிரியை. மூச்சையும் மனத்தையும் அடக்குவது யோகம். அதற்கும் மேலே ஞானம். கீழே உள்ள மூன்றும் வேலைக்காரர்களுக்கு, மகாராஜா நேரே ஞானத்துக்கு வந்துவிடலாம் என்றார் தேசிகர். முழங்கால் வலிக்கார அரசனுக்கு அது தேனாக இனித்தது.

ஞானத்தை உபதேசிக்க ஒரு மண்டபம் வேண்டுமாம். அதற்கு இடமும் அவரே பார்த்துவிட்டார். சிவன் கோயில் நந்தவனத்தை அழித்துவிட்டுக் கட்ட வேண்டும் என்றார். அரசனும் சரி என்று தலையாட்டிவிட்டான்.

அந்த நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைத்து, பூப்பறித்து, மாலை கட்டி வந்தவள் மருதாயி. சேதி கேட்டதும் அவள் அரசவை விகடகவி தில்லைவிடங்கனிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, எனக்கு மந்திரம் தெரியாது, மூச்சடக்கத் தெரியாது. சாமிக்குன்னு நான் செய்யறது இது ஒண்ணுதான். இதையும் வெட்டிப்புட்டா நான் எந்த வழியில போறது?"

சிரிக்க வைத்தே சோறு தின்னும் விடங்கனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. நேரே அரசனிடம் போய் நந்தவனத்துக்காகப் பரிந்து பேசினான். அரசன் முகம் கடுத்தது.

"குருவின் பேச்சை மறுப்பது சிவத்துரோகம். நாளைச் சபையில் அவரிடமே பேசிக்கொள். அவர் வார்த்தை ஒன்றைக்கூட மறுக்காமல் நந்தவனத்தைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்று. ஒரு சொல் மறுத்தாலும் உன் நாக்கு உனக்கில்லை."

நாக்கை நம்பிப் பிழைக்கிறவனிடம் சொல்லுகிற பேச்சா இது? ஆனாலும் விடங்கனுக்கு மருதாயியின் முகம் நினைவுக்கு வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. விடங்கன் தேசிகரின் காலில் விழுந்து எழுந்து, தான் மந்தபுத்திக்காரன் என்றும், நான்கு வழிகளுக்கும் உரிய பலன்களைச் சுவாமி விளக்கியருள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான்.

தேசிகருக்கு உச்சி குளிர்ந்தது. சரியையால் கிடைப்பது சாலோகம், அதாவது ஈசனுடைய உலகத்தில் குடியிருப்பது என்றார். கிரியையால் சாமீபம், அவன் பக்கத்திலேயே இருப்பது. யோகத்தால் சாரூபம், அவனுடைய உருவத்தையே பெறுவது. ஞானத்தால் சாயுச்சியம், அவனோடு ஒன்றாகிவிடுவது.

"ஒன்றாகிவிட்டால், அப்புறம் இரண்டு பேர் இருப்பார்களா சுவாமி?"

"இரண்டுக்கு அங்கே இடம் ஏது? ஒன்றுதான்."

"கூட்டாமல் பெருக்காமல் இத்தனையும் கிடைக்குமா?"

"தகுதியுள்ளவனுக்கு நான்கே மாதத்தில் கிடைக்கும்."

விடங்கன் மறுபடியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அரசன் பக்கம் திரும்பினான்.

"மகாராஜா, சுவாமி சொன்னது அத்தனையும் சத்தியம். நான் கண்ணாலேயே கண்டேன். ஐப்பசியில் சுவாமி ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருந்தார். கார்த்திகையில் அரண்மனைக்குள் குடிவந்தார். அது சாலோகம். மார்கழியில் சிங்காதனத்தை ஒட்டி ஆசனம் போட்டுக்கொண்டார். அது சாமீபம். தை பிறந்ததும் தங்களைப் போலவே பட்டு, தங்களைப் போலவே முத்துக் கடுக்கன், தங்களைப் போலவே வெண்குடை. நேற்று அந்தக் குடையைப் பார்த்துத் தாங்கள்தான் என்று வாயிற்காவலன் சுவாமிக்கு ஈட்டி தாழ்த்தி வணங்கினான். அது சாரூபம். மூன்று படி ஏறியாயிற்று. சாயுச்சியம் ஒன்றுதான் மிச்சம். அதன் பிறகு இரண்டு பேர் இல்லை, ஒருவர்தான் என்று சுவாமியே சொல்லிவிட்டார். அடியேனுக்கு ஒரே சந்தேகம். அந்த ஒருவர் யார்?"

அரசன் தேசிகரின் குடையைப் பார்த்தான். கடுக்கனைப் பார்த்தான். அவன் கை தானாகத் தன் கிரீடத்தைத் தொட்டுக்கொண்டது. தேசிகர் மறுக்க வேண்டுமானால் தம் பேச்சைத் தாமே மறுக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறகு அரசன் சிரித்தான். பயம் தெளிந்த சிரிப்பு அது, அதனால் நெடுநேரம் ஓயவில்லை. நந்தவனத்தில் ஒரு செடியைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டான். சுவாமி அவசரத்தில் படி மாறி ஏறிவிட்டார், இனி முதற்படியிலிருந்தே தொடங்கட்டும் என்று சொல்லி, அவர் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுக்கச் சொன்னான். அவர் காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி வாங்கி விடங்கனுக்குப் பரிசாக நீட்டினான்.

விடங்கன் இரண்டடி பின்வாங்கினான். "வேண்டாம் மகாராஜா. எனக்கும் சாரூபம் வந்துவிட்டால் என்ன செய்வது?"

ஒரு மாதம் கழித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அரசனே நந்தவனத்துக்கு வந்தான். தேசிகர் எப்படித் தொண்டு செய்கிறார் என்று மருதாயியிடம் விசாரித்தான்.

"குறை சொல்லக்கூடாது மகாராசா, நல்லாத்தான் கூட்டுறாரு. ஆனா ஒரு இடம் சுத்தமானதும், உடனே அதுல ஆசனத்தப் போட்டு உக்காந்துக்குறாரு."