ஏழு சீட்டும் நிறையட்டும்

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்த பிலோமினா, கடைக்கும் சர்ச்சுக்கும் தன் சின்ன பெட்ரோல் காரில்தான் போய்வருவார்.

"ஒத்த ஆளுக்கு அஞ்சு சீட்டு எதுக்கும்மா? வித்துட்டு, பார்க்கிங்கை என் பெரிய வண்டிக்கு விடுங்க" என்று கூட்டத்தில் அதட்டினார் குடியிருப்போர் சங்கத் தலைவர் சிதம்பரநாதன்.

"விட்டுடறேன் சார். உங்க ஏழு சீட்டும் நிறைய ஒரு தடவை குடும்பத்தோட போய்ட்டு வாங்க. அன்னைக்கே இடம் உங்களுக்கு."

"தீபாவளிக்கு என் பிள்ளைங்க வருவாங்க, பாருங்க!"

தீபாவளியன்று சிதம்பரநாதன் வண்டியைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் போன் செய்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் போனபிறகு அவருடைய காரின் முன்சீட்டில் காய்கறிப் பைதான் உட்கார்ந்து வந்தது. அதை எடுத்துப் பின்னால் வைத்தார்.

"ஏறுங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

தலைவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.