நெடுங்கழியின் தலைக்கணக்கு

நெடுங்கழி, ஆம்பல் என்று இரண்டு சிறிய நாடுகள். நடுவே ஓர் ஆறு. ஒரு கரையில் முரசு அடித்தால் மறுகரையில் கேட்கும். யாரிடம் குடிகள் அதிகம் என்பதில் இரண்டுக்கும் தீராத போட்டி.

பாட்டன் காலத்தில் ஆம்பலின் மக்கள் நெடுங்கழியைப் போல் இரண்டு மடங்கு. பிறகு ஒவ்வொரு தலைக்கணக்கிலும் இடைவெளி குறைந்து வந்தது. இந்த ஆண்டு நெடுங்கழி முந்திவிட்டது.

அந்தக் கணக்கை முன்னின்று எடுத்தவர் அழகர்நம்பி. தலை நரைத்த பின் அரண்மனை வேலையை விட்டுவிட்டு, மகள் வயதுள்ள பூரணியைக் குருவாக ஏற்றுக்கொண்டவர். அரசர் ஆள் அனுப்பியதால் இந்த ஒருமுறை போனார். திரும்பும்போது கழுத்தில் அரசர் போட்ட மாலை இருந்தது.

"தாயே, ஆம்பலைத் தாண்டிவிட்டோம்."

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பூரணி நிமிர்ந்தார். "பிறப்பு கூடியதா, ஐயா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"வெளியிலிருந்து வந்து குடியேறினார்களா?"

"இல்லை. உப்பளத்துக்காரர்களையும் இம்முறை சேர்த்துக்கொண்டோம். யோசனை என்னுடையதுதான்."

"அவர்கள் எப்போது வந்தார்கள்?"

"வரவில்லை தாயே. எப்போதும் இருக்கிறார்கள்."

"முன்பு எண்ணியதில்லையா?"

"வழக்கமில்லை. ஆம்பலிலும் உப்பளம் உண்டு. அவர்களுக்கு இது இன்னும் தோன்றவில்லை." அழகர்நம்பி சிரித்தார்.

பூரணி சிரிக்கவில்லை. "நீங்கள் அங்கே போனீர்களா?"

"ஆட்கள் போனார்கள். வரப்பில் நின்றபடியே எண்ணிவிட்டு வந்தார்கள்."

"வாருங்கள். நாமும் போய்வருவோம்."

உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த காத்தாயி என்ற பெண், அழகர்நம்பியின் கழுத்து மாலையைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"சாமி, எங்களையும் கணக்குல சேத்துட்டாங்களாமே? நெசந்தானா?"

"உண்மைதான்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நாங்களும் இந்த நாட்டு ஆளுங்கதானே? இனி ஊருணியில எறங்கித் தண்ணி மொள்ளலாமா? இப்ப வெளிய நிக்கணும். யாராச்சும் மனசு வந்து ஊத்துனாத்தான் உண்டு."

அழகர்நம்பி அதை எதிர்பார்க்கவில்லை. அவர் வீடு அந்த ஊருணிக்கு எதிரில்தான் இருந்தது. குடத்தோடு நிற்கிறவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தார்.

"அது... அரசரைக் கேட்க வேண்டும்."

"சரி சாமி. கேட்டுச் சொல்லுங்க."

குடிசைக்குப் போய் ஒரு குடமும் செம்பும் கொண்டுவந்தாள். குடத்தின் அடியில்தான் தண்ணீர் இருந்தது. "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க."

பூரணி வாங்கிக் குடித்தார். செம்பு மறுபடி நிறைந்து அழகர்நம்பியிடம் வந்தது. நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் கை எழவில்லை.

காத்தாயி அதைப் பார்த்தாள். செம்பை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி. இந்தத் தண்ணி கரிக்கும். உங்களுக்கு ஒத்துக்காது."

தண்ணீரைச் சிந்தாமல் குடத்திலேயே ஊற்றி மூடினாள்.

திரும்பும் வழியில் அழகர்நம்பி மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அந்தத் தண்ணீர் கரித்ததா, தாயே?"

"இல்லை."

அவர் நின்றுவிட்டார். குருவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் தண்ணீரைக் குறை சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நாளைக்கே அரண்மனைக்குப் போகிறேன். இது பொய்க் கணக்கு, அவர்களை எடுத்துவிட்டுப் பழையபடி எழுதுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நாம் தோற்றால் தோற்றதாகவே இருக்கட்டும்."

"மறுபடியும் வெளியே தள்ளப் போகிறீர்களா, ஐயா?"

அழகர்நம்பி ஏறக்குறைய அழுகுரலில் கேட்டார்.

"வேறு நான் என்னதான் செய்வது?"

"உங்களுக்குத் தாகமாக இல்லையா?" என்றார் பூரணி.

அழகர்நம்பி உப்பளத்தின் பக்கம் திரும்பி நின்றார். முதல் அடியை எடுத்து வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.