மழைச்சாமிக்கு மிளகாய்க்காப்பு

நிலா உடைந்து கடலில் விழுந்த வருஷம், நாடு பாதி முழுகிப்போயிற்று. வானத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சூரியன் முளைத்தது. இருந்த சாமிகளெல்லாம் எந்தப் பக்கம் போயின என்றே தெரியவில்லை. கூடவே மழையும் போய்விட்டது. குடிக்கத் தண்ணீரில்லாமல் ஊரே அல்லாடியது.

ராஜா மகுடவர்மனுக்கோ காலியாகக் கிடந்த கோயில்தான் கண்ணில் பட்டது. நேரே போய்ப் பீடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "இனி நான்தான் மழைச்சாமி" என்றான்.

சாமிக்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்தவர்களில் மிஞ்சியவள் செம்பாயி ஒருத்திதான். பட்டதெல்லாம் போதுமென்று அலுத்துப்போய்க் கிடந்தவளை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"பழைய சாமிக்குச் செய்ததையெல்லாம் எனக்கும் செய்ய வேண்டும். ஒன்று குறைந்தாலும் உன் தலை இருக்காது" என்றான் ராஜா, ஊர் முன்னால்.

"ஒன்று விடாமலா, சாமி?"

"ஒன்று விடாமல்!"

செம்பாயி பெருமூச்சு விட்டபடி அம்மி முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ராஜாவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

"என்னடி அரைக்கிறாய்?"

"மிளகாய், சாமி. மழை பொய்த்துப்போனால் சாமிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் மிளகாய் அப்பி, மழை பெய்கிறவரை வெயிலில் உட்காரவைப்பது இந்த ஊர் வழக்கம். பழைய சாமிக்கு ஒரு சூரியன்தான், தாங்கிக்கொண்டார். உங்களுக்கு இரண்டு."

பீடத்தைத் தூக்க ஊரார் தோள் கொடுத்தார்கள். ராஜா குதித்து இறங்கினான்.

"ஐயோ, நான் சாமியில்லை! வெறும் ராஜா!"

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, கை எரிகிறது" என்றாள் செம்பாயி. "ராஜாதானென்றால் மண்வெட்டியை எடுங்கள். கிணறு வெட்ட ஆள் போதவில்லை."