வாசலில் பிடிபட்ட பண்டிகைகள்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார்கள், ஆகையால் விட்டுவிடுவோம். அதை ஆண்டவர் கோப்பெருமாள் மகாராஜா. நல்ல மனிதர்தான். மதியம் சாப்பிட்டதும் இரண்டு நாழிகை தூங்கியாக வேண்டும், அவ்வளவுதான் அவரிடம் குறை. அந்தத் தூக்கத்தை யாராவது கெடுத்தால் சாயங்காலத்துக்குள் நாட்டில் புதிதாக ஓர் ஆணை பிறந்துவிடும்.

அந்த வருடம் மார்கழியில் அவர் தூக்கத்தைக் கெடுத்தது அரண்மனைக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடம். ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். படகுக்காரர் மகள் ஞானப்பூ, கிறிஸ்து பிறந்த நாளுக்காக மூங்கில் சிம்பும் வண்ணக் காகிதமும் வைத்து ஒரு மாதமாக நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பள்ளிக்கூடத்தில் தொங்கவிடலாமா என்று வாத்தியார் பொன்னரங்கத்தைக் கேட்டாள். அவரும் தலையை ஆட்டிவிட்டார். அடுத்த நாளே ஊர் இரண்டுபட்டது. அவர்களுக்கு நட்சத்திரம் என்றால் எங்களுக்குப் பொங்கல் பானை என்றது ஒரு கூட்டம். பெருநாளை மட்டும் மறந்துவிட்டீர்களா என்றது ஒரு கூட்டம். படிக்கிற இடத்தில் பண்டிகையே கூடாது என்றது இன்னொரு கூட்டம். எல்லாக் கூட்டமும் சொல்லிவைத்தாற்போல் மகாராஜா தூங்கும் நேரத்திலேயே மனுவோடு வந்து நின்றது.

சாயங்காலம் சபை கூடியது. மகாராஜாவின் கண்கள் சிவந்திருந்தன.

"பள்ளிக்கூடத்தில் பண்டிகை கொண்டாடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்!"

அரச ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் சட்டையப்பர் எழுந்தார். "கூடாது, அரசே. தடை விதித்துவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை."

சபையின் கடைசித் தூணருகே நின்றிருந்தார் விகடக்காரர் மருதையன். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "அரசே, மாட்டைக் கட்டிவைக்கலாம், ஆட்டைக் கட்டிவைக்கலாம். பண்டிகையை எந்தக் கயிற்றால் கட்டுவது?"

சபை சிரித்தது. சட்டையப்பர் சிரிக்கவில்லை. மருதையனுக்கு அரசர் தரும் ஒவ்வொரு சால்வையும் தம் தோளிலிருந்து உருவியது என்றே பத்து வருடமாக எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"அதையும் இவரே காட்டட்டும், அரசே. நாளை முதல் ஏழு நாள் மருதையன் பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கட்டும். ஒரே ஒரு பண்டிகை உள்ளே நுழைந்தாலும், அன்று பொழுது சாய்வதற்குள் இவர் நாட்டை விட்டுப் போய்விடட்டும்."

தூக்கக் கலக்கத்தில் மகாராஜா "அப்படியே ஆகட்டும்" என்றார். சட்டையப்பர் அங்கேயே எழுத்தாணியை எடுத்தார். 'எந்தப் பண்டிகையும், எந்த உருவத்திலும், எவர் மூலமாகவும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது' என்று எழுதி, மூன்று தரம் உரக்கப் படித்து, முத்திரை வாங்கினார். தாம் எழுதியதில் தமக்கே அவ்வளவு மகிழ்ச்சி.

மருதையன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மனைவி செங்கமலம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கொல்லையில முருங்கை இப்பத்தான் பூ விட்டிருக்கு. நாட்டை விட்டுப் போறதா இருந்தா நீங்க மட்டும் போங்க."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கீழே வைத்த கரண்டியை அப்புறம் எடுக்கவில்லை. மருதையனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஓலையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

வாசலில் முதலில் நின்றவள் ஞானப்பூ. கையில் நட்சத்திரம், ஐந்து முனையிலும் சிவப்புக் காகிதக் குஞ்சம். மருதையன் ஓலையைக் காட்டினார். அவள் படித்தாள். நட்சத்திரத்தைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், கண்ணில் மட்டும் நீர் முட்டியது. மருதையனுக்குத் தம்மேலேயே வெறுப்பு வந்தது. ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன் ஒரு பிள்ளையை அழவைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கோயில் தெரு வள்ளிக்கண்ணு அவரைத் தாண்டி உள்ளே ஓடப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து நெய்யும் மிளகும் மணத்தது. மருதையன் ஓலையை மறுபடி பார்த்தார். எந்த உருவத்திலும். எவர் மூலமாகவும். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நில்லு பாப்பா. காலையில என்ன சாப்பிட்டே?"

"கோயில்ல மார்கழிப் பொங்கல் குடுத்தாங்க மாமா."

"அடடா! வயித்துக்குள்ள பண்டிகை இருக்கே. அதை வெளியே வெச்சிட்டு உள்ளே போ."

"முழுங்கிட்டேனே!"

"அப்ப செரிக்கிற வரைக்கும் அந்தப் பூவரச மர நிழல்ல உக்காரு."

அடுத்து ஆமினா. இரண்டு நாள் முன்புதான் பெருநாள் முடிந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் மருதாணியால் செக்கச்செவேல் என்றிருந்தன.

"கையைக் கழட்டி வெச்சிட்டுப் போம்மா."

"கை இல்லாம எப்படி மாமா எழுதுறது?"

"அதுவும் சரிதான். நீயும் நிழலுக்குப் போ."

ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நட்சத்திரத்தை மரத்தில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். "இப்ப போலாமா?"

"கை சுத்தம். ஆனா ஏதோ முணுமுணுன்னு கேக்குதே?"

"பாட்டு மாமா. மாதா கோயில்ல பழகுறோம். வாயை மூடினாலும் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு."

"தலையையும் கழட்ட முடியாதே!" என்று மருதையன் தம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஞானப்பூ சிரித்துவிட்டாள்.

பிள்ளைகளில் கடைசியாக வந்தது சட்டையப்பரின் பேத்தி திரிபுரை, ஆறு வயது. நெய் மணம் இல்லை, மருதாணி இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா எண்ணுறே?"

"பொங்கலுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கு. தாத்தா கண்ணாடி வளையல் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஐயோ, வராத பண்டிகை இப்பவே உன் விரல்ல வந்து உக்காந்திருக்கே! போ, போ, நிழலுக்கு."

வாத்தியார் பொன்னரங்கம் வந்தார். அவர் கட்டியிருந்த வேட்டி, விஜயதசமிக்குப் பிள்ளைகளின் பெற்றோர் வைத்துக் கொடுத்தது. மருதையன் வேட்டியை ஒரு பார்வை பார்த்தார். வாத்தியார் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு தாமாகவே மரத்தடிக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. மரத்தடியிலோ பாய் விரித்து, மணலில் எழுத்து நடந்தது. ஆணை வாசலுக்கு உள்ளேதானே? மரம் வெளியே இருந்தது. மதியம் பிடிபட்ட பண்டிகைகள் எல்லாம் தூக்குச் சட்டியிலிருந்து வெளியே வந்தன. ஆமினா வீட்டுப் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் எல்லாக் கைக்கும் ஒரு விரலளவு போயிற்று. ஞானப்பூ வீட்டு அச்சுமுறுக்கை வள்ளிக்கண்ணு விரலில் மாட்டி மோதிரம் என்றாள். முறுக்கு எப்படிப் பூ மாதிரி ஆயிற்று என்று ஒருத்தி கேட்க, பிறை தெரியாவிட்டால் பெருநாளை என்ன செய்வீர்கள் என்று இன்னொருத்தி கேட்க, பிறையைப் பற்றி வாத்தியார் மணலில் படம் போட்டு ஒரு பாடமே நடத்திவிட்டார்.

மூன்றாம் நாள் பெற்றோர்கள் சண்டைபோடும் முகத்தோடு வந்தார்கள். ஆமினாவின் அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"எம் பொண்ணைக் கும்பிடச் சொல்லிருவாங்களோன்னுதான் அண்ணே மனு குடுத்தேன். பாட்டுக் கேக்குறதுக்கும் முறுக்குத் திங்கிறதுக்கும் நான் ஏன் மறிக்கப் போறேன்?"

அதை மருதையன் மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

சட்டையப்பர் அரசரிடம் ஓடினார். "அரசே, பள்ளியையே காலி செய்துவிட்டான்!"

"பண்டிகை உள்ளே போயிற்றா?"

"இல்லை."

"பிறகென்ன?" என்று மகாராஜா தூங்கப் போய்விட்டார்.

சட்டையப்பர் பல்லைக் கடித்தார். பிறகு நாட்களை எண்ணிப் பார்த்து மனம் குளிர்ந்து போனார். ஏழாம் நாள் மகாராஜாவின் பிறந்த நாள்! அன்று கோயிலில் பூஜை, பள்ளிவாசலில் துவா, மாதா கோயிலில் பூசை. மூன்று இடத்திலும் வணங்கிவிட்டு மகாராஜா மேளதாளத்தோடு பள்ளிக்கூடம் வந்து பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுப்பது வழக்கம். உள்ளே விட்டால் பண்டிகை நுழைந்தது, மருதையனுக்கு நாடு போயிற்று. தடுத்தால் அரச நிந்தனை, தலையே போயிற்று.

ஆறாம் நாள் சாயங்காலம் அதை மருதையனும் கணக்குப் போட்டுவிட்டார். வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் வெகு நேரம் நின்றார். செங்கமலம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிஞ்சு விட்டிருச்சு பாத்தீங்களா? எங்க போனாலும் நட்டுக்க ஒரு கிளைப் போத்து வெட்டி எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமா போவோம்" என்றாள்.

மறுநாள் மேளம் முழங்க ஊரே திரண்டு வந்தது. மகாராஜா கழுத்தில் கோயில் மாலை, சட்டையில் பள்ளிவாசலில் தெளித்த பன்னீர், கையில் மாதா கோயில் மெழுகுவத்தி. வாசலில் மருதையன் தரையில் விழுந்து வணங்கி எழுந்தார்.

"மகாராஜா நூறாண்டு வாழ வேண்டும்! இந்த வாசலில் தங்களுக்குத் தடையே இல்லை. தடை பண்டிகைக்கு மட்டும்தான். அதை இங்கே இறக்கிவைத்துவிட்டுத் தாங்கள் தாராளமாக உள்ளே எழுந்தருளலாம்."

"அரச நிந்தனை!" என்று கத்தினார் சட்டையப்பர்.

"அரச முத்திரை, ஐயா" என்று மருதையன் ஓலையை நீட்டினார். "எழுதியது தாங்கள். வைத்தது மகாராஜா."

மகாராஜாவின் புருவம் உயர்ந்தது. மேளம் நின்றது. மருதையனின் காதில் அவருடைய இதயமே மேளமாக அடித்தது. மகாராஜா ஓலையை ஒருமுறை படித்தார். பிறகு மாலையைக் கழற்றினார். மெழுகுவத்தியைக் கொடுத்தார். பன்னீர்ச் சட்டையைக் கழற்றினார். கற்கண்டுத் தட்டைக் கீழே வைத்தார். வெறும் உடம்போடு வாசற்படியில் காலை வைத்தவர், சட்டென்று காலை எடுத்தார்.

"மருதையா, ஒரு சங்கடம். காலையில் பிறந்த நாள் பாயசம் குடித்துவிட்டேனே."

"எத்தனை கிண்ணம், மகாராஜா?"

"மூன்று."

மரத்தடியிலிருந்து வள்ளிக்கண்ணு உற்சாகமாகக் கூவினாள். "செரிக்கிற வரைக்கும் இங்க வந்து உக்காருங்க ராஜா! பாய் இருக்கு!"

மகாராஜா போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஞானப்பூ ஓர் அச்சுமுறுக்கு நீட்டினாள். அவர் கடித்துக்கொண்டே கேட்டார். "இந்த நாட்டில் அந்த வாசலைத் தாண்ட யாருக்குத்தான் தகுதி இருக்கிறது?"

"எனக்கு இருக்கிறது, அரசே!" என்று சட்டையப்பர் முன்னால் வந்தார். "நான் இன்று பட்டினி. நெற்றி காலி, கை காலி. என்னிடம் எந்தப் பண்டிகையும் கிடையாது. இதோ!"

விடுவிடு என்று நடந்து வாசற்படியில் கால் வைத்தார். அவர் இடுப்பில் எதுவோ 'கலகல' என்றது.

அவர் மடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இன்னோர் அடி வைக்கப் பார்த்தார். மறுபடியும் கலகல.

"தாத்தா!" என்று திரிபுரை துள்ளி எழுந்தாள். "பொங்கல் வளையல் வாங்கிட்டியா? இன்னும் இருபத்தொரு நாள் இருக்கே!"

சட்டையப்பரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வருடம் விறைப்பாகவே இருந்த முகம் பேத்தி ஓடி வருவதைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் குழைந்துவிட்டது. மடியிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்தார். "பச்சை ஒரு டஜன், சிவப்பு ஒரு டஜன். இன்னைக்கு விடியக்காலையில வளையல்காரன் வந்தான், விட்டா அப்புறம் வரமாட்டான்…" என்று முனகினார்.

மகாராஜா சிரித்தார். சாதாரணச் சிரிப்பா? முறுக்கு புரையேற, கண்ணில் நீர் வர, பாயில் சாய்ந்து சிரித்தார். அரண்மனைச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"எழுதுங்கள் ஓலைநாயகமே!" என்றார் மூச்சு வாங்க. "பழைய ஆணை செல்லாது. எந்தப் பிள்ளை எந்தப் பண்டிகையைக் கொண்டுவந்தாலும் வாசலில் யாரும் மறிக்கக் கூடாது. மருதையா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?"

"ஒன்று உண்டு, மகாராஜா. எந்தப் பிள்ளையையும் எதையும் கும்பிடச் சொல்லக் கூடாது. கும்பிடுவது அவரவர் வீட்டில் நடக்கட்டும். கதையும் பாட்டும் பலகாரமும் இங்கே வரட்டும்."

கூட்டத்தில் ஆமினாவின் அப்பா பலமாகத் தலையசைத்தார்.

"அப்படியே எழுதுங்கள். மருதையா, உமக்கு என்ன பரிசு வேண்டும்? முத்து மாலையா?"

மருதையன் மரத்தில் சாய்ந்திருந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். ஏழு நாள் வெயிலில் சிவப்புக் குஞ்சம் கொஞ்சம் வெளுத்திருந்தது. விடிந்தால் கிறிஸ்து பிறந்த நாள்.

"முத்து மாலையை நான் வேண்டாமென்று சொன்னால் செங்கமலம் வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். ஆகையால் அதையும் கொடுங்கள். ஆனால் முதலில் இந்த நட்சத்திரத்தை இதே வாசல் வளைவில் கட்ட வேண்டும். ஏழு நாள் நான் மறித்து நின்ற இடத்தில்."

"அப்படியே கட்டலாம்! யார் கட்டுவது?"

எல்லோரும் சட்டையப்பரைப் பார்த்தார்கள். அவர் ஏணியைப் பார்த்தார். பேத்தி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் ஏணியில் ஏறி நின்றபோது கீழே ஞானப்பூ இடுப்பில் கை வைத்து அதிகாரம் செய்தாள். "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தாத்தா. இல்ல இல்ல, ரொம்பப் போயிருச்சு. இடது பக்கம்."

ஓலைநாயகம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் நகர்த்தினார். முடிச்சைப் போட்டுவிட்டு, அது சரியாக இருக்கிறதா என்று தாமே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

மருதையன் முத்து மாலையோடு வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செங்கமலம் மாலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் போய், நாட்டை விட்டுப் போகத் துணிமணி கட்டிவைத்திருந்த மூட்டையை அவிழ்த்து உதறினாள். அந்த வருடம் முருங்கை கிளை முறியக் காய்த்தது. பொங்கலன்று பள்ளிக்கூடத்துக்குப் போன சாம்பார் அவர்கள் வீட்டுச் சாம்பார்தான். அதை மூன்று கிண்ணம் குடித்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.