ஆள்காட்டி எடுக்காமல் விட்ட கூடை

பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கண்மாய்க் கரையில் சொற்களைப் பங்கு போட்டார்கள். யார் போட்டார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆள்காட்டிக் குருவி முதல் ஆளாகப் போய், வா, போ, ஓடு, பற என்று செயலைச் சொல்லும் சொற்களை மட்டும் அள்ளிக்கொண்டது. பக்கத்தில் இன்னொரு கூடை இருந்தது. மெதுவாக, கிழக்கே, நாளைக்கு, ரொம்ப, அடிக்கடி எல்லாம் அதில் கிடந்தன.

“இதுலயும் ரெண்டு எடுத்துக்கக்கா,” என்றது முயல்.

“செய்யறதச் சொன்னாப் போதும். இதெல்லாம் வெட்டி அலங்காரம்,” என்றது ஆள்காட்டி.

அந்தக் கூடைச் சொற்களுக்குத்தான் பிற்பாடு இங்கிலீஷ் வாத்தியார்கள் அட்வெர்ப் என்று பேர் வைத்து, எப்படி, எங்கே, எப்போது, எவ்வளவு, எத்தனை தடவை என்று ஐந்தாகப் பிரித்துப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தினார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றி, நடுவில் ஒரு குட்டைத் தண்ணீர்தான் மிச்சம். எல்லா உயிரும் அங்கேதான் குடிக்க வேண்டும். வலையோடு திரியும் வேடன் சோணையாவுக்கும் அது தெரியும். கண் கூர்மை என்று ஆள்காட்டியைக் காவலுக்கு வைத்தார்கள். ஆள் தெரிந்ததும் அது கத்தும்: “வர்றான்!”

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு எல்லாம் தண்ணீரில் வாய் வைக்காமல் ஓடின. சோணையாவோ எங்கோ தொலைவில் ஆடி அசைந்து வந்து, பொழுது சாயத்தான் கண்மாயைத் தொட்டான். மறுநாளும் அதே கதை. மயிலுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மொட்டையா வர்றான் வர்றான்னா எப்படி? எங்குட்டு வர்றான், ஓடி வர்றானா, நடந்து வர்றானா? நாங்க தண்ணி குடிக்கவா வேணாமா?”

“வந்தானா இல்லையா? நான் சொன்னதுல பொய் உண்டா?”

பொய் இல்லைதான். பாதி உண்மையை வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறவர்களிடம் யார் ஜெயிக்க முடியும்?

முயல் சண்டைக்குப் போகவில்லை. அது குட்டி போட்டு நாலு நாள்தான். தண்ணீர் இல்லாமல் பால் வற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, நாளைக்கு நான் குடிச்சே ஆகணும். அந்தக் கூடை இன்னும் கரையிலதான் கிடக்கு. எந்தப் பக்கம்னு சொல்ல ஒரு சொல்ல எடுத்து வச்சுக்க. நான் எதிர்ப்பக்கம் ஓடிக்கிறேன்.”

“பாக்கலாம்,” என்றது ஆள்காட்டி. ஆனால் போகவில்லை. வேண்டாம் என்று சொன்ன கூடையில் போய்க் கைவைக்க ரோஷம் விடவில்லை.

மறுநாள் காலை சோணையா கிழக்குக் கரையோரம் வலையை விரித்துவிட்டு, அந்தப் பக்கமிருந்தே குனிந்தபடி ஓசையில்லாமல் வந்தான். ஆள்காட்டி பார்த்துவிட்டது.

“வர்றான்!”

தண்ணீரில் வாய் வைத்திருந்த முயல் நிமிர்ந்தது. “எங்குட்டுக்கா?”

“வர்றான்! வர்றான்!”

பக்கத்தைச் சொல்லும் சொல் அதனிடம் இல்லை. முயல் ஒரு நொடி தயங்கி, கிழக்கே பாய்ந்தது. நேராக வலையில் போய் விழுந்தது.

“அட, தானா வந்து விழுதே!” என்று சோணையா வலையைச் சுருட்டித் தோளில் போட்டான்.

முயல் திட்டவில்லை. வலைக்குள்ளிருந்து மேலே பார்த்தது. “ஒரு சொல்லுதானே கேட்டேன் அக்கா. புதர்ல பிள்ளைக கிடக்கு,” என்றது.

 ரோஷமெல்லாம் போய் ஆள்காட்டி கூடையைத் தேடிப் பறந்தது. கூடை காலி. முந்தின ராத்திரிதான் மனிதர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இனி என்ன செய்யும்? திரும்பி வந்து சோணையாவின் தலைக்கு மேலேயே வட்டமடித்தது. அவன் வேகமாக நடந்தால் வேகமாகக் கத்தியது, மெதுவாக நடந்தால் மெதுவாகக் கத்தியது. ஊர் எல்லை வரைக்கும் விடவில்லை. ஆனாலும் முயலை மீட்க முடியவில்லை. அழுதுகொண்டே வந்து, குட்டிகள் கிடந்த புதருக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாமல், முயல் படுக்கும் பொட்டல் தரையில் முட்டையிடுகிறது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் உங்கள் தலைக்கு நேர் மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து, நெருங்க நெருங்க வேகமாகக் கத்துகிறது. அந்த ஒரு முயலுக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கும் எல்லா முயல்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.